ஃபிலிம் கேமரா, பழைய லென்ஸ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் புகைப்படக்கலை படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. தங்கியிருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். இரண்டு வருடத்தில் 31 ரோல் ஓட்டியிருக்கிறேன். அதில் ஐந்து முழுசாகப் பாழ். ஜூனியர்கள், அறைத்தோழர்கள், ஊருக்குப் போனால் சித்தப்பா என்று எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

போனிலேயே பளிச்சென்று படம் வருகிறதே, எதற்கு இந்த வேண்டாத வேலை?

இது சித்தப்பாவின் கேள்வி. படம் பளிச்சென்று வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் போனே போதும், இதில் எனக்குச் சண்டை இல்லை. இரவு நேரத்தில் என் கேமரா எதையும் உங்கள் போன் சுலபமாகத் தோற்கடிக்கும்.

நான் ஃபிலிமுக்கு வந்த காரணம் வேறு. முதலாம் ஆண்டில் ஒரு மாலைக்கு நானூறு படம் எடுப்பேன். அதில் ஒன்று நன்றாக வரும். அது ஏன் நன்றாக வந்தது என்று ஆசிரியர் கேட்டால் முழிப்பேன். ஃபிலிமில் ஒரு ரோலுக்கு 36 படம். ரோல் விலை, கெமிக்கல், ஸ்கேன் எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய் ஆகிறது. மேன்ஷனுக்குக் கீழே இருக்கும் கடையில் இரண்டு டீயும் பஜ்ஜியும் அந்தக் காசுக்கு வரும். அதைவிட முக்கியம், படம் எப்படி வந்தது என்று தெரிய ஒரு வாரம் ஆகும். அதற்குள் என்ன அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) வைத்தேன், வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் மறந்துபோகும். ஆகவே நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஏதோ கொஞ்சம் புரிய ஆரம்பித்தது.

என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

மூன்று. ரஷ்யாவில் செய்த ஜெனிட்-ஈ, அதோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ். பென்டாக்ஸ் கே1000. தாத்தாவின் அக்ஃபா கிளிக் 3. பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றும் உண்டு, ஸ்கேன் செய்ய.

புதிதாக ஆரம்பிப்பவர் எதை வாங்கலாம்?

பேட்டரி இல்லாமலும் ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) ஓடும் கேமரா எதுவானாலும் சரி. பென்டாக்ஸ் கே1000 இதற்கு நல்ல உதாரணம். 1976-ல் வந்தது, 1997 வரை செய்தார்கள். ஒரு விநாடி முதல் 1/1000 வரை எல்லா வேகமும் இயந்திரத்தில்தான் ஓடும், பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அந்த மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும். எனக்கு இது தெரிவதற்குள் மூன்று பேட்டரி தீர்ந்தது.

கடையில் கையில் எடுத்ததும் பின்கதவைத் திறங்கள். ஓரங்களில் ஒட்டியிருக்கும் பஞ்சு தொட்டால் தார் மாதிரி ஒட்டுகிறதா? அப்படியானால் வெளிச்சம் கசியும், மாற்ற வேண்டும். இது பெரிய செலவில்லை, பேரம் பேச உதவும். பிறகு ஷட்டரை எல்லா வேகத்திலும் அடித்துப் பாருங்கள். கதவு திறந்திருக்க, எதிரே ஒரு விளக்கு இருக்க, போனின் ஸ்லோமோஷனில் அதைப் பிடிக்கலாம். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில் 1/30 என்பது எட்டு ஃபிரேம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும், 1/60 என்பது நான்கு. அதற்கு மேலான வேகங்களை இந்த வழியில் நம்ப முடியாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

ரோல் முழுக்க ஒன்றுமே விழவில்லை. ஏன்?

கழுவிய நெகட்டிவின் ஓரத்தில் கம்பெனிப் பெயரும் ஃபிரேம் எண்களும் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லாமல் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தால் கழுவியதில் தப்பு, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் செத்துப்போயிருக்கலாம், அல்லது வந்த படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவை அதற்கு முன்னால் ஊற்றியிருப்பீர்கள். எழுத்து தெரிந்து படம் மட்டும் இல்லை என்றால், ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை.

இரண்டாவது எனக்கு நடந்தது, அதுவும் அக்காவின் வளைகாப்பில். ஜெனிட்டில் ஃபிலிமின் நாக்கை எதிர்ச் சுருளில் அவசரமாகச் செருகினேன். கதவை மூடினேன். மஞ்சள் பூசுவது, வளையல் அடுக்குவது, ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது என்று எல்லாவற்றையும் எடுத்தேன். எண்காட்டி 36-ஐத் தாண்டி 38-க்குப் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "எனக்கு மட்டும் ரெண்டு படம் கூட கிடைக்குது" என்று சந்தோஷப்பட்டேன். கழுவிப் பார்த்தால் ஓரத்து எழுத்து மட்டும் அழகாக வந்திருந்தது. அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

இதைத் தவிர்க்கச் சுலபமான வழி இருக்கிறது. ஃபிலிம் போட்டதும் ரீவைண்ட் குமிழைத் தளர்வு போகும் வரை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். பிறகு அடுத்த படத்துக்குச் சுற்றும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை. முதல் மூன்று படத்துக்கு இதைப் பாருங்கள். எண்காட்டியை நம்பாதீர்கள். ஃபிலிம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது, லீவரை எத்தனை தரம் இழுத்தோம் என்பதை மட்டும்தான் எண்ணுகிறது.

லைட் மீட்டர் வேலை செய்யவில்லை. கேமரா வீணா?

இல்லை. ஜெனிட்-ஈயில் இருப்பது செலினியம் மீட்டர். வெளிச்சத்தில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி வேண்டாம். ஆனால் வயதானால் சோர்ந்துவிடும். என்னுடையது மெரினா நடுவெயிலையும் மேன்ஷன் மாடிப்படியையும் ஒன்றாகவே பார்க்கிறது.

அதற்குத்தான் வெயில்-16 விதி. நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணின் (வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்ற எண்) பின்னம். 400 ஃபிலிம் என்றால் 1/400, கேமராவில் அது இல்லாவிட்டால் 1/500. லேசான மேகத்துக்கு 11, மூடிய வானத்துக்கு 8, மழை வரப்போகிற இருட்டுக்கு 5.6, திறந்த நிழலுக்கு 4. இந்த ஐந்து வரியை நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரு மடங்கு) கூடிப்போனால் கண்டுகொள்ளாது. குறைந்தால்தான் நிழல் பகுதியில் ஒன்றும் இல்லாமல் போகும். சந்தேகம் வந்தால் கூட்டியே வையுங்கள்.

ஹீலியோஸில் பின்னணி சுழலுமாமே. எனக்கு ஏன் சுழலவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே நான்கு ரோல் செலவழித்திருப்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஹீலியோஸ் 44-2 என்பது 58 மி.மீ., எஃப் 2 லென்ஸ், அதாவது அப்பர்ச்சர் 2 வரை திறக்கும். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் என்ற போருக்கு முந்தைய லென்ஸின் வார்ப்பில் சோவியத் ஆட்கள் செய்தது. முழுசாகத் திறந்து வைத்தால், ஓரத்துப் புள்ளிகளில் இருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை லென்ஸின் குழலே மறைத்துவிடுகிறது. நடுவில் வட்டமாக விழும் வெளிச்சப்பொட்டு, ஓரத்தில் பூனைக்கண் மாதிரி ஒடுங்குகிறது. ஒடுங்கிய பொட்டுகள் எல்லாம் நடுவைச் சுற்றி அடுக்கியது போல நிற்பதால் கண்ணுக்குச் சுழல்வதாகத் தெரிகிறது. உண்மையில் இது லென்ஸின் குறைதான். குறைக்குத்தான் இவ்வளவு மவுசு.

முதல் ரோலில் எனக்குச் சுழலே இல்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படியில் நண்பனை உட்கார வைத்து எடுத்தேன், பின்னால் வெறும் தண்ணீர். பொட்டு பொட்டாக ஏதாவது இருந்தால்தானே அது சுழலும்? இரண்டாவது ரோலில் வேப்பமரத்தின் முன்னால் நிற்க வைத்தேன், இலை இடுக்கெல்லாம் வெளிச்சம். ஆனால் மரம் அவன் முதுகுக்கு ஓரடி பின்னால் இருந்தது, மங்கவே இல்லை.

மூன்றாவதில் தூரங்களை நோட்டில் குறித்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்தேன். ஆள் இரண்டு மீட்டரில், இலைகள் அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டரில், அப்பர்ச்சர் 2. அப்போதுதான் சரியாக வந்தது. ஆள் ஒரு மீட்டருக்கு நெருங்கினால் பின்னணி மொத்தமாகக் கரைந்து சுழல் காணாமல் போகிறது. அப்பர்ச்சர் 4-க்கு மூடினாலும் போய்விடுகிறது.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. சென்னை வெயிலில் 400 ஃபிலிம் போட்டு எஃப் 2-ல் எடுக்க முடியுமா? கணக்குப் போடுங்கள். 16-ல் இருந்து 2-க்கு ஆறு ஸ்டாப். 1/400-ஐ ஆறு தடவை இரட்டித்தால் 1/25,600 வரும். ஜெனிட்டின் உச்ச வேகம் 1/500. ஆக நடக்காத காரியம். 100 ஃபிலிம் போட்டு, ஆளையும் பின்னணியையும் நிழலில் வைத்தால் அப்பர்ச்சர் 4-க்கு 1/100, எஃப் 2-க்கு 1/400. இது கைக்குள் வருகிறது. அதனால்தான் இந்த லென்ஸை நான் காலை ஏழு மணிக்கு முன்னாலும் மாலை ஐந்தரைக்கு அப்புறமும் மட்டும் வெளியே எடுக்கிறேன்.

இன்னொரு பொறி: இந்த லென்ஸில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் வேண்டிய எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதைத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, அடிப்பதற்கு முன் மூட வேண்டும். தானாக மூடாது. நான்காவது ரோலில் வெயிலில் எடுத்த பதினோரு படத்தில் மூட மறந்தேன். அந்த நெகட்டிவெல்லாம் அடுப்புக்கரி.

அதே லென்ஸை டிஜிட்டல் கேமராவில் போடலாமா?

போடலாம், எந்த கேமரா என்பதைப் பொறுத்தது. ஹீலியோஸ் எம்42 என்ற திருகு மவுண்ட் (கேமராவில் லென்ஸை மாட்டும் வாய்). லென்ஸ் உட்காரும் இடத்தில் இருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரம் 44. ஆகவே நடுவே மெல்லிய அடாப்டர் வளையம் வைக்க இடம் இருக்கிறது. நிக்கானில் 46.5, ஏற்கெனவே கூடுதல். வெறும் வளையம் போட்டால் பக்கத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும், தூரத்துக் கோபுரம் ஆகாது. கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் ஆகும், ஆனால் அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைகளில் பிரச்சினையே இல்லை. சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ.தான், மிச்ச இடத்துக்கு நீளக் குழல் அடாப்டர் வரும்.

சென்சார் சின்னதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் ஓரம் வெட்டுப்படும். சுழல் இருப்பதே ஓரத்தில்தான் என்பதால் பாதி வித்தை போய்விடும். இதற்காகவே லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் சென்சார் ஃபிலிம் ஃபிரேம் அளவே இருக்கும் முழு ஃபிரேம் கேமராவை முதலில் கடன் வாங்கிப் பாருங்கள்.

லென்ஸ் மஞ்சளாக இருக்கிறது. அழுக்கா?

துடைத்துப் போகாவிட்டால் அழுக்கில்லை. பழைய லென்ஸ்கள் சிலவற்றில் கண்ணாடியோடு தோரியம் சேர்த்திருப்பார்கள். வெளிச்சத்தை நன்றாக வளைக்கும் என்பதற்காக. பென்டாக்ஸின் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதற்குப் பேர்போனது. தோரியத்தின் கதிர்வீச்சு பல வருடத்தில் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடுகிறது. நண்பனிடம் கடன் வாங்கிய டாகுமார் கடுங்காபி நிறத்தில் இருந்தது. கருப்பு வெள்ளையில் அது லேசான மஞ்சள் ஃபில்டர் வேலை செய்து வானத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கியது, நன்றாகவே இருந்தது. கலரில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை.

வைத்தியம் வெயில்தான். புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மெல்ல வெளுக்கும். விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய், மொட்டை மாடியில் அம்மா வற்றல் காயப்போட்ட பாயின் ஓரத்தில் தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை வைத்தேன். பின்பக்கத்தை அலுமினியத் தாளால் கட்டாயம் மூட வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகி ஏதாவது பற்றிக்கொள்ளும். உச்சிவெயிலும் வேண்டாம், சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி அப்பர்ச்சர் தகடுகளில் வழியும். மூன்று வாரத்தில் கடுங்காபி எலுமிச்சைச் சாறாக மாறியது. "வத்தலையும் ஒரு திருப்பு திருப்பிட்டு வா" என்ற கூடுதல் வேலையும் கிடைத்தது.

கதிர்வீச்சு ஆபத்தா என்றால், கேமராவில் மாட்டிப் படமெடுக்கும் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. உடைப்பது, தேய்ப்பது, அந்தக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது.

ஃபங்கஸ் பிடித்த லென்ஸை வாங்கலாமா?

சிலந்திவலை மாதிரி மெல்லிய நூல்கள் ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் இருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் பால் ஊற்றியது போலாகும். சுத்தம் செய்யலாம், ஆனால் பூஞ்சை கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையில் போட்டு பீரோவில் வைப்பதைப் போல லென்ஸுக்குக் கெடுதல் வேறில்லை. காற்றுப் புகாத அரிசி டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்துக்குள் நின்றால் போதும். ரொம்ப உலர்ந்தாலும் எண்ணெய் காயும்.

தாத்தா வீட்டில் கிளிக் 3 இருக்கிறது. அதில் இன்னும் படம் எடுக்க முடியுமா?

முடியும். இந்த வகை கேமரா ஒரு காலத்தில் நம்மூர் நடுத்தரக் குடும்பங்களில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் சதுரமான கருப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் பெரும்பாலும் இந்த மாதிரி டப்பாவில் எடுத்தவைதான். 120 ஃபிலிம் போடும், ரோலுக்கு ஆறுக்கு ஆறு செ.மீ.யில் 12 படம். அந்த ஃபிலிம் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

ஃபோகஸ் கிடையாது, ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவானது. வெயில், மேகம் என்று மாற்ற ஒரு நெம்பு. முதலில் தெரியாமல் 400 ஃபிலிம் போட்டேன், நெகட்டிவ் கருகியது. 100 போட்டதும் நிதானத்துக்கு வந்தது. நடுவில் மட்டும் கூர்மை, ஓரம் எல்லாம் நீருக்குள் இருப்பது போல. பின்பக்கச் சிவப்பு சன்னலில் எண் பார்த்துச் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். தாத்தா எடுத்ததில் அப்படி ஒரு படம் வீட்டில் இருக்கிறது. கிருஷ்ணாபுரம் கோவில் தூணும் கைக்குழந்தையான சித்தப்பாவும் ஒரே சதுரத்தில். இந்த வீட்டில் முதல் டபுள் எக்ஸ்போஷர் அதுதான்.

ஊட்டியில் ஃபிலிம் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1960-ல் தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. இந்து என்றால் நிலா. ஃபிலிமில் இருப்பது வெள்ளி உப்பு என்பதை நினைத்தால் பொருத்தமான பெயர்தான். ஊட்டியில் இந்து நகர் என்ற இடப்பெயராகவும் அது நிற்கிறது. ஆலை இப்போது ஓடவில்லை.

ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பழைய இந்து ரோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணும் வராது தம்பி, ஆசைக்கு அடிச்சுப் பாரு" என்றார். காலாவதியான ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டச் சொல்வார்கள். நான் மூன்று கூட்டினேன். பாளையங்கோட்டை வெக்கையில் அலமாரியில் கிடந்த ஃபிலிமுக்கு அந்தக் கணக்கு செல்லாது போல. நெகட்டிவ் முழுக்கச் சாம்பல் மூட்டம். அதற்குள் தாமிரபரணிப் படித்துறையும் துணி துவைப்பவர்களின் நிழலும் மங்கலாக நின்றன. அண்ணாச்சியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார்.

மேன்ஷன் அறையில் எப்படி ஃபிலிம் கழுவுகிறீர்கள்?

இருட்டறை வேண்டும் என்று நினைக்காதீர்கள். சேஞ்சிங் பேக் என்று கை நுழைக்கும் கருப்புத் துணிப்பை ஒன்று விற்கிறார்கள். அதற்குள் ஃபிலிமை ரீலில் சுற்றி வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடிவிட்டால் மற்றதெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். கை வியர்த்தால் ஃபிலிம் ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. மே மாதம் மதியத்தில் இதைச் செய்யாதீர்கள். நான் ராத்திரி பதினொன்றுக்கு மேல், பொதுக் குளியலறை காலியான பிறகு உட்காருவேன்.

சென்னையில் நிஜமான எதிரி சூடு. டெவலப்பருக்கான நேரமெல்லாம் 20 டிகிரிக்கு எழுதியது. நம் குழாயில் வருவது 30-க்கு மேல். டி-76 டெவலப்பரைச் சரிபாதி தண்ணீரில் கலந்தால் இல்ஃபோர்ட் ஹெச்பி5 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். மூன்று டிகிரி ஏறினால் முக்கால்வாசி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் கணக்குப் பார்த்தால் நான்கு நிமிடம் சொச்சம்தான் வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றி வடிப்பதற்குள்ளேயே ஓரிடம் அதிகம், ஓரிடம் குறைவு என்று திட்டுத்திட்டாகிவிடும்.

எனவே 24 டிகிரிக்கு இறக்கி ஏழரை நிமிடம் கொடுக்கிறேன். பக்கெட்டில் தண்ணீர், அதற்குள் ஐஸ் கட்டிகளை பாலிதீன் பையில் கட்டிப் போட்டு, கெமிக்கல் பாட்டில்களை நிற்க வைப்பேன். ஐஸை நேரே டெவலப்பரில் போட்டால் கலவை நீர்த்துப்போகும், ஒருமுறை போட்டு அனுபவித்தாயிற்று. கடைசியாக அலசும் தண்ணீரையும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காபித்தூளில் கழுவலாமாமே?

ஆமாம், வேடிக்கை இல்லை. காபியில் இருக்கும் காஃபிக் அமிலம் டெவலப்பர் வேலை செய்யும். அரை லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 27 கிராம், வைட்டமின் சி பொடி 8 கிராம், இன்ஸ்டன்ட் காபி 20 கிராம். இதே வரிசையில், ஒன்று நன்றாகக் கரைந்த பிறகு அடுத்தது. 20 டிகிரியில் 15 நிமிடம். பிறகு தண்ணீரில் அலசி, வழக்கம்போல ஹைப்போ.

என் முதல் முயற்சியில் படம் வெளிறிப் போனது. காரணம் சோடா. மளிகைக் கடையில் நான் வாங்கியது கட்டிக்கட்டியாக, பளபளவென்று இருந்தது. அது நீர் ஏறிய படிகம், அதே பலனுக்கு 2.7 மடங்கு எடை வேண்டும். வாணலியில் வறுத்து நீரை விரட்டிய பிறகு சரியானது. அந்த வாணலி இனிமேல் சமையலுக்கு இல்லை. காபி பாக்கெட்டையும் படித்து வாங்குங்கள், நம்மூரில் பலவும் சிக்கரி கலந்தவை. மருந்துக்கடையில் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் மாத்திரையில் சர்க்கரையும் ஆரஞ்சு வாசனையும் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம்.

அறைத்தோழன் கும்பகோணத்துக்காரன். "டிகாக்‌ஷன்ல பண்ணக்கூடாதா?" என்று கேட்டான். வரும், ஆனால் இன்றைய டிகாக்‌ஷனும் நாளைய டிகாக்‌ஷனும் ஒரே திடத்தில் இருக்காது. பலன் மாறினால் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. மற்றபடி நாற்றத்தைப் பற்றி அவனே உங்களுக்குச் சொல்வான். நனைந்த சாக்கு நாலு நாள் மூலையில் கிடந்த மாதிரி. அன்று முழுக்க அவன் காபி குடிக்கவில்லை.

மிச்சமான கெமிக்கலை என்ன செய்வது?

டெவலப்பரை நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். ஹைப்போவை விடாதீர்கள், ஃபிலிமில் இருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. தனி கேனில் சேர்த்து வைத்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் அந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வந்து பழைய ஹைப்போவைக் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். ஹைப்போ தீர்ந்துவிட்டதா என்று பார்க்க, வெட்டிய ஃபிலிம் துண்டு ஒன்றைப் போடுங்கள். அது தெளிய ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஃபிலிமுக்குக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் எந்தக் கெமிக்கலையும் ஊற்றி வைக்காதீர்கள், மேன்ஷனில் தாகத்தோடு யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

ஸ்கேனர் இல்லையே?

டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்கு மேல் நெகட்டிவ், அதற்கு மேல் கேமரா. நெகட்டிவைத் திரையில் ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். இரண்டு செ.மீ. தூக்கிப் பிடிக்க வேண்டும், நான் பழைய கேசட் டப்பாவை வெட்டி வைத்திருக்கிறேன். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

விமானத்தில் ஃபிலிமைக் கொண்டு போகலாமா?

பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. கையில் வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். புதிய சிடி வகை ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமை மூட்டமடிக்க வைக்கும்.

நோட்டில் அப்படி என்னதான் எழுதுகிறீர்கள்?

ஒரு ரோலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவேன். மற்றதை எல்லாம் அப்படியே வைத்திருப்பேன். லென்ஸையும் டெவலப்பரையும் ஒரே நேரத்தில் மாற்றிய ரோல் 9-ல் படங்கள் அற்புதமாக வந்தன, எதனால் என்று இன்றுவரை தெரியாது. போன வாரத்து நோட்டில் இருந்து அப்படியே தருகிறேன்:

ரோல் 31. ஜெனிட், ஹீலியோஸ், 100 ஃபிலிம். பாளையங்கோட்டை. மாற்றுவது: பின்னணித் தூரம் மட்டும்.
படம் 1 முதல் 6: அம்மா, கொல்லை முருங்கை. 2 மீட்டர், பின்னால் 3 மீட்டர். எஃப் 2, 1/250. மாலை 5.40, நிழல்.
7 முதல் 12: அதே, பின்னால் 6 மீட்டர். அம்மா நகர்ந்துவிட்டாள், 9 ஃபோகஸ் சந்தேகம்.
13: அக்கா, குழந்தையோடு. திட்டத்தில் இல்லை. ரீவைண்ட் குமிழ் சுற்றியது, பார்த்தேன்.
14: அதே. வளையம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? ஞாபகம் இல்லை.